எனர்டேல் ஹார்ஸ்ஷூவுக்கு எந்த வரைபடம், எந்தக் காம்பஸ், எந்த ஜாக்கெட்?

இங்கிலாந்தின் வடமேற்கில், லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில், எனர்டேல் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. நடுவில் ஏரி, அதைச் சுற்றிக் குதிரை லாடம் போல வளைந்த மலைமுகடு. அந்த முகட்டை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வருவதுதான் எனர்டேல் ஹார்ஸ்ஷூ ஓட்டம். சுமார் 23 மைல் தூரம், மொத்த ஏற்றம் சுமார் 7,500 அடி. கிரேட் போர்ன், ரெட் பைக், பிளாக்பெக் டார்ன், கிரீன் கேபிள், கிர்க் ஃபெல், பில்லர், ஹேகாக், அயர்ன் கிராக், கிராக் ஃபெல் என்று வரிசையாகச் செக்பாயிண்டுகள். இடையில் கொடியோ அம்புக்குறியோ எதிர்பார்க்கக் கூடாது. ஒரு செக்பாயிண்டிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது என்பது ஓடுகிறவர் பாடு.

வட இங்கிலாந்தில் மரமில்லாத மேட்டு மலைக்கு ஃபெல் என்று பெயர். ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷன் இந்த ஓட்டங்களை வகை பிரித்திருக்கிறது. கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டராவது ஏற்றம் இருந்தால் ‘ஏ’. தூரம் 20 கிலோமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ‘எல்’. எனர்டேல் ‘ஏ எல்’, அதாவது செங்குத்தும் உண்டு, நீளமும் உண்டு.

லீட்ஸில் ஒருவர், மான்செஸ்டரில் ஒருவர், என் நண்பர்கள் இருவர் இந்த ஓட்டத்துக்குத் தயாராகிறார்கள். இருவரும் சாலை மாரத்தான் ஓடிப் பழகியவர்கள். கடையில் நின்றுகொண்டு ஃபோன் செய்கிறார்கள்: எந்த மேப், எந்தக் காம்பஸ், வாட்ச் போதாதா, இந்த ஜாக்கெட் நூறு கிராம் குறைவாக இருக்கிறதே, இதையே வாங்கிவிடலாமா? ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் உடம்புக்கு ஏறக்குறைய எந்தப் பொருளும் சரிதான். ஓட்டம் நின்றுபோய், நனைந்து, விரல் மரத்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நிற்கிற அரை மணி நேரத்தில் எது உதவுமோ அதையே வாங்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கிர்க் ஃபெல். ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு ரெக்கிக்காக, அதாவது வழியை முன்கூட்டியே பார்த்துவர, தனியாகப் போயிருந்தேன். கிர்க் ஃபெல்லின் தலை அகலமானது, உயரம் 802 மீட்டர். மேகம் இறங்கி, இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்து பிளாக் செயில் கணவாய்க்கு வடக்கும் வடமேற்குமான திசையில் இறங்க வேண்டும். காம்பஸில் திசையைத் திருப்பி வைத்து, ஊசியை நம்பி இறங்கினேன். வழியோடு வர வேண்டிய பழைய வேலியின் இரும்புக் கம்பங்கள் வரவில்லை. அப்புறம் புல்சரிவு செங்குத்தாகிக்கொண்டே போனது. மேகத்துக்குக் கீழே வந்ததும் கண்ணில் பட்டவை கல்சுவரால் கட்டம் கட்டமாகப் பிரித்த வயல்கள். அது வாஸ்டேல் ஹெட். நான் போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்ப்பக்கம்.

காம்பஸ் ஊசியின் துருவமே மாறிப்போயிருந்தது. என் ஓட்டப்பையின் மார்புப் பட்டையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துவைக்க ஒரு சின்னக் காந்தக் கொக்கி உண்டு. அதை ஒட்டிய பாக்கெட்டில்தான் வாரக்கணக்காகக் காம்பஸ் கிடந்திருக்கிறது. மறுபடி ஏறி எனர்டேல் பக்கம் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஏற்றத்தின் நடுவே மழை வலுத்தபோது, ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுக்க விரல் ஒத்துழைக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன்.

அதற்குப் பிறகு எந்தப் பொருள் வாங்கினாலும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வாளியில் ஐஸ் போட்டு, தாங்க முடியாமல் போகும் வரை இரண்டு கையையும் முக்கி வைப்பேன். எடுத்த கையோடு காம்பஸைத் திருப்ப முடிகிறதா, வரைபடத்தை மடிக்க முடிகிறதா, ஜிப், பக்கிள், உணவுப் பொட்டலம் எல்லாம் திறக்கிறதா என்று பார்ப்பேன். திறக்காத பொருள் எவ்வளவு லேசாக இருந்தாலும் வீட்டில்தான்.

வரைபடம்: ஆர்ட்னன்ஸ் சர்வேயா, ஹார்வியா?

நடைமுறையில் இரண்டே தேர்வுகள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் ஒன்று, தனியார் நிறுவனமான ஹார்வியின் 1:40,000 மலை வரைபடம் மற்றொன்று. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:50,000 வரைபடமும் கடையில் கிடைக்கும். வீட்டு மேஜையில் விரித்துத் திட்டம் போட அது போதும். மலைமேல் ஓடும்போது சமஉயரக் கோடுகள் நெருங்கிக் குழம்பும், அதனால் அதைத் தள்ளிவிட்டேன்.

முதலில் தாளின் அளவைப் பாருங்கள். எனர்டேல் சுற்று கிழக்கு மேற்காக 13 கிலோமீட்டருக்குக் குறையாது. 1:25,000இல் ஒரு கிலோமீட்டர் 4 சென்டிமீட்டர் ஆகிறது, ஆகவே சுற்று முழுவதும் தெரிய அரை மீட்டருக்கு மேல் தாள் வேண்டும். காற்றில் அதை விரிக்கவே முடியாது. வெட்டி இரண்டு மூன்று துண்டாக்க வேண்டும், அப்புறம் எந்தத் துண்டு எந்தப் பாக்கெட்டில் என்று தேட வேண்டும். 1:40,000இல் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான். ஓட்டம் முழுவதும் ஒரு ஏ3 அளவுத் தாளுக்குள் அடங்கிவிடும். அதை ஒருமுறை மடித்தால் ஏறும் பாதி ஒரு பக்கம், திரும்பும் பாதி இன்னொரு பக்கம்.

“அளவு சின்னதானால் விவரம் போய்விடாதா?” என்று லீட்ஸ் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே ஒரு கணக்கு உண்டு. எக்ஸ்ப்ளோரரில் மலைப்பகுதிச் சமஉயரக் கோடுகளுக்கு இடைவெளி 10 மீட்டர், ஹார்வியில் 15 மீட்டர். பத்தை 25ஆல் வகுத்தால் 0.4, பதினைந்தை 40ஆல் வகுத்தால் 0.375. அதாவது ஒரே சரிவு இரண்டு தாளிலும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். எக்ஸ்ப்ளோரரில் பழகிய கண் ஹார்விக்கு மாறினாலும் செங்குத்தைத் தவறாக எடைபோடாது. தவறு வருவது உயரத்தை எண்ணும்போதுதான். 300 மீட்டர் ஏற்றம் ஒன்றில் 30 கோடு, மற்றதில் 20 கோடு. தடித்த கோடு ஒன்றில் 50 மீட்டருக்கு ஒருமுறை, மற்றதில் 75 மீட்டருக்கு ஒருமுறை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தாமல் ஏதாவது ஒன்றிலேயே நின்றுவிடுங்கள்.

ஹார்வியில் எனக்கு மிகவும் பிடித்தது, பாறைத் தரையில் சமஉயரக் கோட்டின் நிறம் சாம்பலாக மாறிவிடுவது. கால் வைக்கப்போவது புல்லா கல்லா என்று அங்கே போகும் முன்பே தெரிந்துவிடும். கிரீன் கேபிளிலிருந்து விண்டி கேப்புக்கு இறங்கி, கேபிள் கிராக் பாறைக்கு அடியில் பெக் ஹெட் வரை குறுக்காகப் போகும் பகுதியில் இது பெரிய உதவி. தாளும் நீரில் ஊறாத பிளாஸ்டிக், கசக்கிப் பாக்கெட்டில் திணிக்கலாம். எக்ஸ்ப்ளோரரிலும் பூச்சுப் பூசிய பதிப்பு உண்டு, ஆனால் அது தடித்தது, மடிந்து கொடுக்காது.

எக்ஸ்ப்ளோரரின் பலம் பள்ளத்தாக்கில். வயல் வரப்பு, பண்ணை வழி, கேட் எல்லாம் வேண்டுமென்றால் அதுதான். அதில் புதியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்றும் இருக்கிறது. பச்சைப் புள்ளிக்கோடு என்பது சட்டப்படி நடக்க உரிமையுள்ள வழி, அவ்வளவுதான். அந்த இடத்தில் பாதை என்று ஒன்று தரையில் இருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. பச்சைக்கோட்டை நம்பிப் போய், இடுப்பளவு பெரணியில் நின்றவர்கள் பலர்.

எனர்டேல் முழுக்க முகட்டு ஓட்டம். பண்ணை வழிகளுக்கு இங்கே வேலை குறைவு. என் ஓட்டு ஹார்விக்கு. எக்ஸ்ப்ளோரர் வீட்டில் இருக்கட்டும், ரெக்கிக்குத் திட்டமிட உதவும்.

கட்டைவிரல் காம்பஸா, தட்டுக் காம்பஸா?

ஓரியன்டீரிங், அதாவது வரைபடமும் காம்பஸும் வைத்து வழி கண்டுபிடித்து ஓடும் விளையாட்டு, ஆடுகிறவர்களிடம் கேட்டால் கட்டைவிரலில் மாட்டும் காம்பஸைச் சொல்வார்கள். வரைபடத்தோடு சேர்த்து ஒரே கையில் பிடித்துக்கொண்டு, ஓடியபடியே வரைபடத்தை வடக்கு நோக்கித் திருப்பி வைக்கலாம். ஊசியும் சட்டென்று நிலைக்கும். வேகத்துக்கு அதற்கு ஈடு இல்லை. ஆனால் அவற்றில் பலவற்றுக்குச் சுழலும் டிகிரி வளையம் கிடையாது. ஒரு திசைக்கோணத்தைத் திருப்பி வைத்து, மூளை களைத்த பிறகும் அதையே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது.

இந்தச் சுற்றில் பெரும்பாலும் தரையே கைப்பிடி. ஹேகாக்கிலிருந்து கா ஃபெல் வழியாக அயர்ன் கிராக் வரை ஒரு நீளமான கல்சுவர் கூடவே வருகிறது, அதைத் தொட்டுக்கொண்டே ஓடலாம். கிர்க் ஃபெல்லிலும் பில்லரிலும் பழைய வேலிக்கம்பங்கள் உண்டு. காம்பஸ் உண்மையில் தேவைப்படுவது மூன்று இடங்களில்: கிரீன் கேபிளை விட்டு இறங்குகையில், கிர்க் ஃபெல்லின் அகன்ற தலையில், பில்லரின் தட்டையான உச்சியில். மூன்றுமே திசையைத் திருப்பி வைத்து நடக்க வேண்டிய இடங்கள். ஐந்து டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 90 மீட்டர் விலகிவிடுவோம். பாறை விளிம்புள்ள மலையில் அது சின்ன தூரமல்ல.

ஆகவே முதல் முறை ஓடுகிறவருக்கு தட்டையான தட்டில் பதித்த, சுழலும் வளையமுள்ள தட்டுக் காம்பஸ்தான். வளையம் தடிமனாக, மரத்த விரலுக்கும் பிடி கிடைப்பதாக இருக்கட்டும். ஒவ்வொரு செக்பாயிண்டிலிருந்தும் கிளம்பும் கோணத்தை வீட்டிலேயே அளந்து, அழியாத பேனாவால் வரைபடத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். மலைமேல் செய்ய வேண்டியது எண்ணைப் பார்த்து வளையத்தைத் திருப்புவது மட்டும். காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் கழிக்கும் தலைவலியும் இப்போது அங்கே இல்லை. இரண்டும் உண்மையான வடக்கும் 2022 நவம்பரில் இங்கிலாந்தின் தென்கரையில் ஒரே கோட்டில் சேர்ந்தன. அந்தச் சந்திப்பு அப்புறம் மெல்ல வடக்கே நகர்ந்தது. லேக் டிஸ்ட்ரிக்டில் தற்போது வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு.

என் கதையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பஸை ஃபோனிடமிருந்தும் காந்தக் கொக்கியிடமிருந்தும் தள்ளி வையுங்கள், வீட்டு அலமாரியிலும்கூட. கிளம்பும் காலையில், வடக்கு எது என்று தெரிந்த இடத்தில் நின்று ஒருமுறை சரிபாருங்கள். மலைமேல் இரும்பு வேலிக்கம்பத்தின் மேல் காம்பஸை வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டு எட்டுத் தள்ளி நின்று பாருங்கள்.

வாட்ச்

மான்செஸ்டர் நண்பரின் கட்சி இது. யாரோ ஓடிய தடத்தை வாட்சில் ஏற்றிக்கொண்டால் கோட்டின் மேலேயே ஓடிவிடலாமே என்கிறார்.

விதியை முதலில் பார்த்துவிடுவோம். வரைபடமும் காம்பஸும் கட்டாயம், கட்டாயப் பொருள்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் பொருள் பரிசோதனையில் வாட்சைக் காட்டித் தப்ப முடியாது. வழி கண்டுபிடிக்க ஜிபிஎஸ் பயன்படுத்தலாமா என்பதை அந்தந்த ஓட்டத்தின் விதியில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விதியை விட்டுவிட்டாலும் எனக்கு வேறொரு தயக்கம் இருக்கிறது. நாம் எங்கே நிற்கிறோம் என்பதில் வாட்ச் நன்றாகவே உண்மை சொல்லும். நமக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்லாது. பெக் ஹெட்டுக்குப் போகும் குறுக்குச் சரிவில், சரளைக்கும் நல்ல ஆட்டுத்தடத்துக்கும் இடையே சில பத்து அடிதான் வித்தியாசம். திரையில் இரண்டும் ஒரே கோடு. அந்தத் தடத்தைப் பதிவு செய்தவர் சரியான வழியில்தான் போனாரா என்பதும் தெரியாது. திரையையே பார்த்து ஓடி வந்தவர், அது அணைந்துபோகும் நிமிடத்தில் தான் எந்த மலைமேல் இருக்கிறோம் என்றே சொல்ல முடியாமல் நிற்பார்.

விதி அனுமதித்தால் வாட்சில் நான் மதிப்பது உயரமானி. மேகத்துக்குள் “இப்போது 700 மீட்டரில் நிற்கிறேன்” என்று தெரிந்தால், வரைபடத்தில் ஒரே ஒரு சமஉயரக் கோட்டில் தேடினால் போதும். காம்பஸும் உயரமும் சேர்ந்தால் தொலைவது கடினம்.

ஜாக்கெட்: இதில்தான் உயிர் இருக்கிறது

எனர்டேல் சுற்றின் கிழக்கு முனைக்கு அருகேதான் ஹானிஸ்டர் கணவாய். 2015 டிசம்பர் 5ஆம் தேதி அங்கே 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை பதிவானது, பிரிட்டனின் சாதனை அளவு. சென்னை மூழ்கிய அதே வாரம் அது. நம் ஊர் மழையில் நனைந்தால் துடைத்துக்கொண்டு காபி குடிக்கலாம். இங்கே ஜூன் மாதத்திலும் நனைந்த உடம்போடு முகட்டுக் காற்றில் நின்றால் உடம்புச் சூடு மடமடவென்று இறங்கும். முதலில் விரல் போகும், பிறகு பேச்சு குழறும், அதற்குப் பிறகு சரியாக முடிவெடுக்கும் புத்தியே போய்விடும். 2012 ஏப்ரலில் பட்டர்மியர் அருகே நடந்த சைல்பெக் ஃபெல் ஓட்டத்தில் ஒருவர் உயிரிழந்தார். பொருள் பரிசோதனையில் வரிசையில் நிற்கும்போது யாராவது முணுமுணுத்தால் எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வரும்.

கிரீன் கேபிளுக்கு அந்தப்புறம் இருக்கும் போரோடேலில், 2008 அக்டோபரில் ஒரிஜினல் மவுண்டன் மாரத்தான் புயலில் சிக்கி நிறுத்தப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் அன்றிரவு தொலைக்காட்சிகள் பதறின. யாரும் சாகவில்லை. அது இரண்டு நாள் ஓட்டம் என்பதால், நின்றுபோனால் தங்கிக்கொள்ளக் கூடாரமும் தூங்கும் பையும் அவரவர் முதுகிலேயே இருந்தன.

ஒரு நாள் ஓட்டத்தில் அந்தப் பாதுகாப்பு ஜாக்கெட்டின் தலையில் விழுகிறது. காற்றை மட்டும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், மழைக் கால்சட்டையோடு தையல்மேல் டேப் ஒட்டிய மழை ஜாக்கெட், இரண்டில் எது என்ற கேள்விக்கே இடமில்லை. நீள ஓட்டங்களில் தலைமூடி இணைந்த மழை ஜாக்கெட்டைத்தான் கேட்பார்கள். தேர்வு அதற்குள்ளே இருக்கிறது: நூறு கிராம் சொச்சத்தில் வெங்காயச் சருகு போன்றதா, இருநூறு கிராமில் மூன்றடுக்குத் துணியா?

சருகு ஜாக்கெட் ஓடும்போது அருமை. நின்றுவிட்டால் ஈரத்தோலில் ஒட்டிக்கொள்ளும், காற்று நேரே எலும்பில் அடிப்பது போல இருக்கும். இருநூறு கிராம்தான் என் முடிவு. தலைமூடிக்கு விறைப்பான முன்விளிம்பு இருக்கிறதா, கயிற்றை ஒரே இழுப்பில் இறுக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைக்காரர் முழு ஜிப்பைப் பரிந்துரைப்பார், திறந்துவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும் என்பார். உண்மைதான். ஆனால் முழு ஜிப்பின் அடிமுனையைக் கோத்து இழுக்க இரண்டு கையின் நுனிவிரல்களும் வேலை செய்ய வேண்டும். என் வாளிச் சோதனையில் முழு ஜிப் ஒவ்வொரு முறையும் தோற்றது. தலைவழியாக மாட்டும் அரை ஜிப் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. ஜிப்பின் நுனியில் ஒரு கயிற்று வளையம் கட்டிவிட்டால் கட்டைவிரலை நுழைத்தே இழுக்கலாம். ஒரு அளவு பெரிதாக, முதுகுப்பைக்கு மேலேயே போட்டுக்கொள்ளும்படி வாங்குங்கள். புயலில் பையைக் கழற்றி மாட்டும் அந்த ஒரு நிமிடத்தில்தான் உள்சட்டை நனைகிறது.

கையுறையில் விரல் உறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகப் போகும் மழை உறை சூடு தரும். அடியில் மெல்லிய கம்பளி உறை. பளபளக்கும் அவசரப் போர்வை காற்றில் பாய்மரம் போலப் பறந்துவிடும், அதற்குப் பதில் உள்ளே நுழைந்து உட்காரும் அவசரப் பை. விசில் பையின் அடியில் கிடந்து பயனில்லை, பட்டையில் தொங்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஆறு முறை ஊதுவதுதான் அங்கே உதவிக்கான அழைப்பு.

மற்றவை

பையைப் பொறுத்தவரை பழைய ஃபெல் ஓட்டக்காரர்கள் இடுப்புப் பைக்காரர்கள். முன்னால் திருப்பி எதையும் எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் கூடுதலாக ஒரு கம்பளிச் சட்டை வைக்க அதில் இடம் இல்லை. முதல் வருடம் அந்தச் சட்டை வேண்டும். மேல்சட்டை போல மாட்டிக்கொள்ளும் ஐந்து லிட்டர் வெஸ்ட் பை எடுங்கள், காந்தக் கொக்கி இருந்தால் வெட்டி எறிந்துவிடுங்கள்.

காலணிக்கு அடியில் எட்டு மில்லிமீட்டர் ரப்பர் முள் சேற்றிலும் ஈரப்புல்லிலும் ராஜா, பில்லரைத் தாண்டி வரும் ஈரப்பாறையில் நம்ப முடியாது. ஆறு மில்லிமீட்டர் முள், பிடிக்கும் ரப்பர், போதும்.

உணவு அவரவர் வயிறு. நான் கடலைமிட்டாய் கொண்டுபோய்ப் பார்த்தேன். குளிரில் கல்லாகி, உலர்ந்த வாயில் மெல்லவே முடியவில்லை. இப்போது வாயில் கரையும் ஜெல்லி மிட்டாயும் பேரீச்சம்பழமும். அவசர உணவு என்று கேட்பதைத் தனியாகக் கட்டி வைத்து, ஓட்டம் முடியும் வரை தொடாமல் கொண்டுவர வேண்டும்.

நண்பர்கள் இருவருக்கும் ஹார்வி வரைபடமும் தட்டுக் காம்பஸும் வாங்கியாயிற்று. மான்செஸ்டர்காரர் வாட்சைக் கட்டிக்கொண்டுதான் வருவேன் என்கிறார். கட்டிக்கொள்ளட்டும், ரெக்கியின்போது உயரத்தை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மே மாதம் ஒரு சனிக்கிழமை கிரீன் கேபிளிலிருந்து அயர்ன் கிராக் வரை மூவருமாகப் போகிறோம். காற்று நிற்கவிடாத அளவுக்கு அடித்தால் தள்ளிப்போடுவோம், வெறும் மேகமும் மழையும் என்றால் போவோம். கிர்க் ஃபெல் உச்சியில் அவர்கள் இருவரும் காம்பஸ் பிடித்து முன்னால் நடக்க வேண்டும், நான் பின்னால் வருவேன் என்பது பேச்சு.